முந்தானைக்கு வந்த மூக்கு

போனில் அந்தப் பெண் சொன்னதை என் வீட்டுக்காரர் சரியாகத்தான் காதில் வாங்கினார். "முந்தானையில எங்க மூக்கு வரணும்ணா. நல்லா பெருசா வரணும்," என்றாள் அவள். கல்யாணச் சேலை. யாரோ தெரிந்தவர் மூலமாக எங்கள் நம்பர் கிடைத்து, கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து பேசினாள்.

என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். நான் அதே வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். பூவோ யானையோ, எதுவானாலும் திரையில் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுப்பேன். அதன்படி அட்டைகளில் ஓட்டை போட்டுத் தறிக்கு மேலே மாட்டுவார்கள். எந்த இழை தூக்க வேண்டும், எந்த இழை கிடக்க வேண்டும் என்பதை அந்த ஓட்டைகள் பார்த்துக்கொள்ளும்.

"கிளிமூக்கு மாங்கா கேக்கறாங்க. முந்தானை பூரா," என்று அவர் என்னிடம் வந்து சொன்னார்.

எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் மாங்காய் இல்லாத சேலையைத்தான் ஆட்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஏகாம்பரநாதர் கோயிலில் மாமரத்தையே சாமியாக வைத்திருக்கிற ஊர். நுனி வளைந்த மாங்காயாக, ஒவ்வொன்றும் இப்போதே கிளையிலிருந்து இறங்கிக் கொத்தப் போகிற மாதிரி, ஆசையாகப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டாள்.

"அக்கா, சூப்பரா இருக்குது. ஆனா இது மாங்கா."

"ஆமாம்மா. கிளிமூக்கு."

"கிளியோட மூக்கு இல்லக்கா. எங்க மூக்கு."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் நாத்தனாருக்கும் அது கேட்டது. அவர் என் வீட்டுக்காரரின் அக்கா. பக்கத்துத் தெருவில் இருக்கிறார். நெய்து இறங்கிய சேலையின் முந்தானை நுனியில் நூலைப் பிரித்து முடிச்சுப் போட்டுக் குஞ்சம் கட்டுவது அவருடைய வேலை. அந்த வேலையை எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் செய்வார், ஏனென்றால் அவர் வீட்டில் அபிப்பிராயம் கேட்க ஆள் இல்லை.

"அவங்க வீட்ல எல்லாருக்கும் மூக்கு எடுப்பா இருக்கும்போல," என்றார் நாத்தனார். "இப்பல்லாம் கல்யாணப் பொண்ணுங்க மாப்பிள்ளை மூஞ்சியையே ஜாக்கெட் முதுகுல போட்டுக்கறாங்க. இது வெறும் மூக்குதானே. போட்டுக் குடுங்க."

எனக்கும் அது நடக்கக்கூடிய விஷயமாகத்தான் தோன்றியது. எனவே அந்தப் பெண்ணிடம், "உன் மூக்கு போட்டோ ஒண்ணு அனுப்புமா. பக்கவாட்டுல எடுத்தது இருந்தா நல்லது. கண்ணாடி போடறதா இருந்தா கழட்டிட்டு எடு," என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள் வந்தன. அதற்குப் பின்னால் ஒரு போட்டோ வந்தது.

ட்ரோனில் எடுத்தது. ஒரே நீலம். அந்த நீலத்துக்குள் பழுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் போனைப் பல பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாய்," என்றார். நாத்தனார் வாங்கிப் பார்த்துவிட்டு, தோசைக்கல்லில் எண்ணெய் பரவினால் இப்படித்தான் இருக்கும் என்றார்.

நான்தான் கண்டுபிடித்தேன். நான் படித்தது புவியியல். கல்லூரி முடித்த பிறகு அந்தப் படிப்பை நான் எதற்கும் பயன்படுத்தியதே இல்லை. அன்றைக்கு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

"இது நிலமுனை," என்றேன். "கடலுக்குள்ள துருத்திக்கினு நிக்கற நிலம். மூணு பக்கமும் தண்ணி. அவங்க ஊர்ல அதுக்குப் பேரு மூக்கு."

மறுநாள் காலையில் அதை ஒழுங்காக விளக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். கோயில் இட்லியை நீளமாக வெட்டித் தட்டின் ஓரத்தில் வைத்து, எதிர்ப்பக்கம் சாம்பாரை ஊற்றினேன். நம்முடைய கடற்கரை பெரும்பாலும் அளவுகோல் வைத்துப் போட்ட கோடு மாதிரி நேராகக் கிடக்கிறது, பாறை இருக்கிற இடத்தில் மட்டும் கடலால் அரிக்க முடியாது, இரண்டு பக்கத்து மண்ணும் பின்வாங்க, பாறை மட்டும் இப்படி முன்னால் நிற்கும் என்று சாம்பாரைக் கரண்டியால் அலைபோல் தள்ளிக் காட்டிக்கொண்டே வந்தேன். அலைகள் முனையைச் சுற்றி வளைகிற இடத்துக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தால் முனையைக் காணோம். என் வீட்டுக்காரர் மென்றுகொண்டிருந்தார்.

"சொல்லு, கேட்டுக்கினுதான் இருக்கறேன்," என்றார்.

ஆனால் அன்று மாலையே அவர் ஒரு காரியம் சொன்னார். யானையை நெய்கிறவன் யானையைப் பார்த்திருக்கிறான், மயிலை நெய்கிறவன் மயிலைப் பார்த்திருக்கிறான், இந்த மூக்கைப் போய்ப் பார்க்காமல் தறியில் ஏற்ற முடியாது என்றார். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். நிலமுனை பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேனே தவிர, ஒன்றின் மேலும் ஏறி நின்றதில்லை. நாத்தனாரும் கிளம்பினார். கல்யாண விஷயம், மூன்றாவது ஆளாக ஒருவர் இருப்பது நல்லது என்று காரணம் சொன்னார். நாங்கள் இரண்டு பேர் போகிறோமே, மூன்று பேராகப் போவதுதானே சகுனம் கெட்டது என்று நான் கேட்டதற்கு, டிரைவரைச் சேர்த்தால் நாலு என்றார்.

வாடகைக் காரில் செங்கல்பட்டு வழியாகப் போனோம். நாத்தனார் முன் சீட்டில் பட்டுச் சேலையோடு, காதை மூடி ஸ்கார்ப் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கடல் காற்று ஒத்துக்கொள்ளாது என்றார். அப்போது நாங்கள் வாலாஜாபாத்தைக்கூடத் தாண்டவில்லை, கண்ணாடியும் ஏற்றியிருந்தது. பாலாற்றைக் கடக்கும்போது, திருமுக்கூடலில் மூன்று ஆறும் சேர்ந்து வருகிற இந்த மணல்தான் கடலில் போய்ச் சேர்ந்து கரையோரமாக வடக்கே நகர்கிறது என்று நான் ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். டிரைவர் மட்டும் மரியாதைக்கு "ஓ" என்றார்.

அந்தப் பெண் ஊர் எல்லையில் நின்றிருந்தாள். வெயிலில் நன்றாகக் கறுத்து, உயரமாக இருந்தாள். சுற்றுலா வருகிறவர்களுக்குப் பலகையில் நின்று அலை ஏறக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பக்கத்தில் அவள் அப்பா. கடலுக்குப் போகிறவர். இரண்டு பேருக்கும் மூக்கு சாதாரணமாகத்தான் இருந்தது. நாத்தனார் அதை முதலில் கவனித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

என் வீட்டுக்காரர் நேரே வேலைக்கு வந்துவிட்டார். எங்கள் தொழிலில் சேலையின் பார்டரைக் கரை என்போம். கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

"கரை எந்த அளவுக்கு வேணும்ணா?" என்று அந்த அப்பாவிடம் கேட்டார்.

"நாம கேட்டா வரப்போவுது?" என்றார் அவர். "தெக்கால கரை நல்லா அகலம் தம்பி. வருசா வருசம் ஏறிக்கினே வருது. வடக்கால கரைதான் போயிடுச்சு."

"போயிடுச்சா?"

"சுத்தமா போயிடுச்சு. இப்ப வெறும் கல்லுதான் கொட்டி வெச்சிருக்கறாங்க."

என் வீட்டுக்காரர் முகம் மாறியது. "கல்லு வெச்ச வேலை நாங்க செய்யறதில்லண்ணா. பம்பாய்ல செய்யறாங்க. நாங்க ஜரிகை மட்டுந்தான்."

"ஜரிகைய கொட்டினா கடல் நிக்குமா தம்பி?" என்று அவர் உண்மையாகவே கேட்டார்.

அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் இருவருக்கும் நடுவில் புகுந்து, எது சேலைக் கரை, எது கடற்கரை என்று பிரித்துவிட்டேன். அவர்கள் சமாதானமானார்கள். ஆனால் அன்று முழுவதும் 'கரை' என்ற வார்த்தை வரும்போதெல்லாம் இருவரும் ஒரு நொடி நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு மூக்கின் மேல் ஏறினோம். மலை என்று சொல்ல முடியாது. எங்கள் ஊர்க் கோயில் மதிலைவிடக் கொஞ்சம் உயரமான கரும்பாறை, அதன் முதுகில் செம்மண், பனைமரங்கள், ஒரு சின்னக் கன்னியம்மன் கோயில். ஆனால் நுனியில் போய் நின்றபோது, படித்தது எல்லாம் அப்படியே கீழே நடந்துகொண்டிருந்தது. தெற்கே பிறை மாதிரி வளைந்த வெள்ளை மணல், அதில் படகுகள். கடலோடு தெற்கிலிருந்து வருகிற மணல் இந்த முனையில் முட்டிக்கொண்டு அந்தப் பக்கமே தங்கிவிடுகிறது. வடக்குப் பக்கத்துக்கு மணல் வராததால் கடல் இருப்பதையும் தின்கிறது. அங்கே வேர் தெரியச் சாய்ந்த தென்னைகள், கீழே இறங்க எதுவுமில்லாத வாசற்படிகள், அவற்றுக்கு முன்னால் கொட்டிய கற்கள். நேராக வந்த அலை முனையருகே வந்ததும் இரண்டாக வளைந்து, இரண்டு பக்கமிருந்தும் பாறையை அடித்தது.

இதையெல்லாம் நான் உரக்கச் சொன்னேன். காற்று என் பேச்சைப் பின்னால் கொண்டுபோய்விட்டது. பின்னால் நின்றிருந்த நாத்தனாருக்கு மட்டும் கேட்டது, அவரும் ஸ்கார்ப் கட்டியிருந்தார். என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இயற்கையைப் பார்ப்பதற்கு அவருக்குக் கை மிச்சமில்லை.

"மேலேர்ந்து ஒண்ணும் தெரியாது," என்றார் அந்த அப்பா. "போட்டுல வாங்க. கடல்லேர்ந்து பாக்கணும்."

எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை கொடுத்தாள் அந்தப் பெண். நாத்தனார் அதைப் பட்டுச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, கலர் எடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டார். பைபர் படகு தெற்குப் பக்கத்திலிருந்து கிளம்பியது. அந்தப் பக்கம் தண்ணீர் குளம் மாதிரி இருந்ததால் என் வீட்டுக்காரர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, "இதுதானா கடல்," என்றார். மூக்கு நுனியைத் தாண்டியதும் படகு தூக்கிப் போட்டது. அவர் காலை இறக்கினார். அடுத்த அலைக்கு என் கையைப் பிடித்தார். அதற்கடுத்த அலைக்குப் படகின் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுவிட்டு அப்படியே இருந்துவிட்டார். நாத்தனார் பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே, இளைத்தவர்கள் எல்லாம் ஏன் வருகிறார்கள் என்கிற மாதிரி அவரைப் பார்த்தார்.

அங்கேதான் அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை வந்தது.

"இப்ப பாருங்க," என்று அவர் என்ஜினை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டினார். "மூக்கா தெரியுது? மாடு. படுத்துக்கினு இருக்கற மாடு. பின்னாடி ஒசந்திருக்குதே, அது திமிலு. அந்த ரெண்டு பனைமரம் கொம்பு. பத்து பாகம் ஆழமான தண்ணியில இருந்தாலும் இந்த மாட்டப் பாத்துதான் வீட்டுக்கு வருவோம்."

"மேலேர்ந்து பாத்தா மூக்குதான்பா," என்றாள் மகள்.

"மேலேர்ந்து யாரு பாக்கறா? காக்கா பாக்கும்."

"ஊருக்கே அது மூக்குதானே. நீயே மூக்குன்னுதானே சொல்லுவ."

"பேரு மூக்கு. ஆளு மாடு. என் பொண்ணு கல்யாணத்துல எனக்கு அடையாளமே தெரியாத ஒண்ண கட்டிக்கினு மணையில ஒக்காருவியா?"

"சேலை நான் கட்டறேனா, நீ கட்டறியா?"

படகு ஆடிக்கொண்டே இருந்தது. சண்டை முடிகிற மாதிரி தெரியவில்லை. விளிம்பிலிருந்து என் வீட்டுக்காரர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். முகம் வெளிர் பச்சை.

"ரெண்டும் நெய்யறேன்," என்றார். "மூக்கும் நெய்யறேன். மாடும் நெய்யறேன். கரைக்குப் போங்கண்ணா."

"மாடு கரைக்குங்கறியா, போட்டு கரைக்குங்கறியா?"

"ரெண்டும்தாண்ணா," என்றார் அவர், மறுபடியும் தலையைத் தொங்கப் போடுவதற்கு முன்னால்.

அப்படித்தான் டிசைன் முடிவாயிற்று. முந்தானையில் மேலிருந்து பார்த்த மூக்கு. கரையில் கடலிலிருந்து பார்த்த மாடு, வரிசையாக. ஒரு பக்கக் கரை அகலம், ஒரு பக்கக் கரை ஒல்லி. அகலமானது தெற்கு மணல், ஒல்லியானது போய்விட்ட வடக்கு. காஞ்சிபுரத்தில் இப்படி ஏறுக்கு மாறான கரை போடுவது சகஜம்தான். சேலையின் உடல் முழுக்கக் கடல் நீலம் வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். நீல உடலுக்குள் மண் நிற முந்தானையிலிருந்து மூக்கு நீட்டிக்கொண்டு வரும். திரும்பும்போது காரிலேயே மனத்துக்குள் டிசைனைப் போட்டு முடித்துவிட்டேன்.

அட்டை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை கட்டிப் பார்த்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர்தான் சொன்னார். பழைய வேட்டியை எடுத்து, ஒரு முனையில் மஞ்சள் கரைத்துப் பூசி முந்தானையாக்கினோம். மீதிக்குச் சொட்டு நீலம். கீழ்க்கரை அகலமாக, மேல்கரை ஒல்லியாகப் பேனாவால் கோடு போட்டேன். மொட்டைமாடியில் காயவைத்து, நாத்தனார் அதை என் மேல் சுற்றிவிட்டார். என் வீட்டுக்காரர் போனில் திசை காட்டும் ஆப்பை வைத்துக்கொண்டு என்னைச் சுற்றி வந்தார்.

"அகலக்கரை தெற்கு. அது உன் கால்ல இருக்குது," என்றார். "அப்ப வடக்கு?"

"இடுப்புல," என்றார் நாத்தனார்.

"சரி. கிழக்கு எங்க?"

நான் குனிந்து பார்த்தேன். எதிர் மாடியில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"கழட்டித் தரையில விரிங்க," என்றேன்.

விரித்துப் பார்த்ததும்தான் தப்பு தெரிந்தது. திரையில் முந்தானையை நான் எப்போதும் தனியாகத்தான் போடுவேன், அதனால் முன்பே தெரியவில்லை. அகலக்கரை கீழே வரும்படி சேலையை விரித்தால் முந்தானை வலது கைப் பக்கம் வந்து நிற்கிறது. எல்லாச் சேலையும் அப்படித்தான். கீழே தெற்கு என்றால் வலது பக்கம் கிழக்கு. கிழக்கில் மண். இடது பக்கம், மேற்கில், நீலக்கடல்.

"இந்தச் சேலையில சூரியன் கடல்ல போய் விழுது," என்றேன். "இது நம்ம பக்கத்துக் கடல் இல்ல. மேற்குக் கடற்கரை."

"கேரளாவுக்கு வேணா குடுத்துடலாம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"தலைகீழா திருப்பிப் போடேன்மா," என்றார் நாத்தனார்.

"திருப்பினா அகலக்கரை வடக்கால போயிடும் அண்ணி. அங்க கரையே இல்லைன்னுதானே அவரு சொன்னாரு."

"பொண்ண வலது தோள்ல போடச் சொன்னா?" என்றார் என் வீட்டுக்காரர்.

நாத்தனார் தம்பியைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே செத்தது. முந்தானையை வலது தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி மணையில் உட்காருவாளென்றால், அந்தச் சேலைக்குக் குஞ்சம் கட்ட வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சேலை என்கிற துணியே மேற்குக் கடற்கரைக்காக வந்தது என்று எனக்கு அப்போது தோன்றியது. இதைப் பற்றி யாராவது படித்து ஆராய்ந்திருக்கிறார்களா என்றுகூட யோசித்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மஞ்சள் காய்ந்து உதிர ஆரம்பித்தது. என் வீட்டுக்காரருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"நிலத்த இங்க வெச்சா ஆவல, அங்க வெச்சா ஆவல. அப்ப கடலத் தூக்கி முந்தானையில போட்டுத் தொலை. எனக்குத் தறியில வேலை இருக்குது," என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனார்.

திட்டிவிட்டுத்தான் போனார். ஆனால் அதுதான் சரி. உடல் நிலமாக இருக்க வேண்டும், முந்தானை கடலாக. உடலிலிருந்து மூக்கு வலது பக்கம், கிழக்கே, முந்தானைக் கடலுக்குள் நீட்ட வேண்டும். கீழே தெற்கு மணல் அகலமாக, மேலே வடக்கு ஒல்லியாக. நான் படியில் நின்று அவரைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். தானும் அதைத்தான் சொன்னதாக அவர் கீழேயிருந்து பதில் சொன்னார். இன்றுவரை அதை அவருடைய யோசனை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், மறுக்கவும் முடியவில்லை.

அந்தப் பெண்ணிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் கேட்டது நீலச் சேலை.

"அப்ப சேலை மண்ணு கலரா?" என்றாள்.

மண் என்று சொல்லாதே என்று நாத்தனார் கையை ஆட்டினார். "சந்தனக் கலர்மா," என்றேன்.

"கடல் முந்தானையில மட்டுந்தானா?"

"முந்தானை முழுக்கக் கடல். நல்ல நீலம், ஜரிகையில அலை. மூக்கு அதுக்குள்ள நீட்டிக்கினு இருக்கும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப கடல் என் முதுகுல தொங்கும்."

"ஆமாம்மா."

"நான் நடந்தா ஆடுமா?"

"ஆடும்."

"சரிக்கா," என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. "போட்டுடுங்க."

நெய்வது லேசாக இல்லை. உடலின் நிறம் முடிந்து முந்தானையின் நிறம் தொடங்குகிற இடத்தில் பழைய பாவு இழையையும் புது இழையையும் ஒவ்வொன்றாகக் கோத்துச் சேர்க்க வேண்டும். பிட்னி என்போம். அது நேர்கோடாக வரும். மூக்கு அந்தக் கோட்டை மீறி நீலத்துக்குள் போக வேண்டும். என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்து அந்த மூக்கோடு மரியாதை இல்லாமல் பேசிக்கொண்டே நெய்தார். இதற்கு நடுவில் சன்னதித் தெருவில் கடை வைத்திருக்கிற ஒருவர் வேறு வேலையாக வந்தவர், கரையைப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"நந்தி பார்டரா? புதுசா இருக்குதே," என்றார். "கொம்பு ஏம்பா பனைமரம் மாதிரி இருக்குது?"

"பழைய டிசைன்," என்றார் என் வீட்டுக்காரர் நிமிராமல்.

கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். அது கடலில் பத்து பாகம் ஆழமுள்ள இடத்திலிருந்து பார்த்த ஒரு பாறை என்று சொல்ல எங்கள் மூன்று பேருக்குமே மனம் வரவில்லை.

கல்யாணத்துக்குப் போனோம். மண்டபம் கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சந்தனச் சேலை அந்தப் பெண்ணின் கறுப்புக்கு அப்படி எடுத்துக் கொடுத்தது. மணையில் உட்கார்ந்தபோது முந்தானையை விரித்துப் பின்னால் விட்டிருந்தாள். அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது.

முதலில் ஒரு பெரியம்மாள் பின்பக்கமாக வந்து குனிந்தார். "ஏய், இது நம்ம ஊருடி," என்றார். பிறகு இன்னொருவர் வந்தார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டாரைத் தவிர மண்டபத்தில் பாதிப்பேர் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். எங்க வீடு எங்க, கோயில் எங்க, நேற்று வலை போட்ட இடம் எங்க என்று ஆளாளுக்கு விரலால் தொட்டுக் காட்டினார்கள். பெண்ணுக்குக் கூச்சம் அதிகம். மந்திரம் சொல்கிற நேரத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தாள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "யாரும்மா அது பின்னாடி, பொண்ண குத்தறது?" என்றார். அப்பா எழுந்து வந்து காவலுக்கு நின்றார். நின்றவர் கொஞ்ச நேரத்தில் தானே மண்டியிட்டு உட்கார்ந்து, கரையைத் தூக்கி மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். "திமிலு சரியா வந்திருக்குது," என்று எங்கள் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்.

கடைசியாகப் பெண்ணின் அத்தை வந்தார். அவர் எதையும் தேடவில்லை. மூக்குக்கு வடக்கே, முழு நீலமாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"எங்க பழைய வீடு இங்க இருந்துச்சு," என்றார்.

பெண் நெளியவில்லை. அத்தை கையை எடுக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் என் காதருகே, "அங்க ஒரு மஞ்சள் புள்ளி வெச்சிருக்கலாம். முன்னாடியே தெரிஞ்சிருந்தா," என்றார். நான் தலையாட்டினேன். அத்தை திரும்பி எங்களைப் பார்த்து, சேலை ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றார். அதன் பிறகு மேளம் கொட்டினார்கள், தாலி கட்டி முடிந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் எங்கள் எதிரே அடுத்த ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மகளுக்கும் தை மாதம் கல்யாணமாம்.

"எங்க ஊர்ல மூக்கு கிடையாது," என்றார். "ஒரு முகத்துவாரம் இருக்குது. மழைக்காலத்துல தொறந்துக்கும், கடலும் உள்ள இருக்கற கழித்தண்ணியும் ஒண்ணா ஓடும். வெயில் காலத்துல மண்ணு அடைச்சு மூடிக்கும். அத நெய்ய முடியுமா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். முகத்துவாரம் எப்படி அடைகிறது என்று விளக்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நாத்தனார் பாயசத்தைக் கீழே வைத்தார்.

"தொறந்தது ஒண்ணு, மூடினது ஒண்ணு. ரெண்டு சேலையா எடுத்துக்கப்பா," என்றார்.

அடுத்த ஊர்க்காரர் கையிலிருந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு யோசித்தார். வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.